பாலாறும் மூன்று மாவட்டங்களும்

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் வாணியம்பாடி, வேலை சென்னையில். 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு நாங்கள் திருப்பத்தூர் மாவட்டத்துக்காரர்கள். அப்பா மட்டும் இன்னும் பழைய மாவட்டப் பெயரைச் சொல்லி "நம்ம வடாற்காடு" என்கிறார். அந்தப் பேச்சுக்கு இனி அர்த்தம் உண்டா? "நீரில்லா ஆறு, சாமியில்லா கோயில், அரசனில்லா கோட்டை" என்று இங்கே நண்பர்கள் கேலி செய்யும்போது எனக்குப் பதில் வருவதில்லை.

க.

அன்புள்ள க.,

கோயிலைப் பற்றிய கேலி 1981-லேயே காலாவதியாகிவிட்டது. அந்த ஆண்டு வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் மீண்டும் எழுந்தருளினார். பூசை தடையின்றி நடக்கிறது. கோட்டைக்கு அரசர்களும் வந்தார்கள், கைதிகளாக. கண்டியின் கடைசி மன்னன் விக்கிரம ராஜசிங்கன் 1832-இல் வேலூரில்தான் இறந்தான். திப்புவின் பிள்ளைகள் காவலில் இருந்தபோதுதான் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். 1857 வட இந்தியப் புரட்சிக்கு அரை நூற்றாண்டு முந்தியது அது. உங்கள் நண்பர்களுக்கு இவ்வளவு போதும்.

ஆற்றைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். பாலாற்றில் மேலே ஓடிய தண்ணீர் எப்போதுமே குறைவு. ஆற்றின் செல்வம் மணலுக்கு அடியில் இருந்தது. நம் முன்னோர் ஆற்றுப்படுகையில் ஊற்றுக்கால் வெட்டி, அந்த நீரை ஏரிக்கும் வயலுக்கும் கொண்டுபோனார்கள். வறண்டு கிடந்த ஆறு நெல் விளைவித்தது. தோல் தொழில் இங்கே வேரூன்றியதற்கும் அந்த நீர் ஒரு காரணம். தோல் பதனிட மலையடிவாரத்து ஆவாரம்பட்டை, முஸ்லிம் வணிகர்களின் முதலீடு, தலித் தொழிலாளர்களின் உழைப்பு எல்லாம் சேர்ந்து வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று ஒரே தொழில் வட்டாரம் உருவானது. இன்று விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பெண்களைப் பாருங்கள். அவர்கள் கைக்கு வரும் மாதச் சம்பளம் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறது. அதை நான் ஒருநாளும் சிறுமைப்படுத்த மாட்டேன்.

ஆனால் தோல் பதனிடப் பட்டை போய் குரோம் என்ற இரசாயனம் வந்தது. கழிவுநீர் மணலுக்குள் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்பதை இந்தியச் சட்டமாக்கியது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாக அந்தத் தீர்ப்பு பதிவு செய்கிறது. நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அது தெரியாமலிருப்பது எனக்கு ஆறாத வருத்தம். இன்னொரு பக்கம், மணலையே அள்ளிக்கொண்டு போனார்கள். மணல் போனால் ஊற்று எங்கே நிற்கும்?

மாவட்டப் பிரிவினை நமக்குப் புதிதல்ல. 1911-இல் சித்தூர் போனது, 1989-இல் திருவண்ணாமலை. 2019 பிரிவினையில் நல்லதும் உண்டு. திருப்பத்தூரிலிருந்து ஒரு மனு கொடுக்க எண்பது கிலோமீட்டருக்கு மேல் வேலூர் வர வேண்டியிருந்த கொடுமை தீர்ந்தது. என் கவலை ஆற்றைப் பற்றியது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் கலக்கும் கழிவு திருப்பத்தூர் மாவட்டக் கணக்கு. அது கீழே பள்ளிகொண்டாவில் வேலூர் கணக்கு, ஆற்காட்டில் ராணிப்பேட்டை கணக்கு. மூன்று ஆட்சியர்களும் ஒன்றாக உட்கார்ந்து பாலாற்றுக்கு ஒரே திட்டம் போட வேண்டும். அப்பா சொல்லும் வடாற்காடு இந்த ஆற்றுப்படுகைதான். அது எந்த அரசாணையிலும் பிரியவில்லை.

2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதே தோல் கழிவு விவகாரத்தில் இழப்பீடும் கண்காணிப்புக் குழுவும் குறித்து மறுபடி உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் எந்த ஆண்டுவாக்கில் உப்பேறியது, அதுவரை என்ன பயிர் வைத்தார்கள் என்று அப்பாவிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். மற்ற ஊர்க்காரர்களும் எழுதலாம். ஊர்வாரியாகத் தொகுத்து மூன்று ஆட்சியர் அலுவலகங்களுக்கும் அனுப்புகிறேன்.

அன்புடன்.