கைக்காயத்துக்குப் பின் மீண்டும் மிதிவண்டி: கேள்வி பதில்

கேள்வி: மணிக்கட்டு எலும்பு முறிந்து 6 வாரங்கள் மாவுக்கட்டுப் போட்டிருந்தேன், நேற்றுப் பிரித்துவிட்டார்கள். இனி மிதிவண்டி ஓட்டலாமா?

பதில்: எலும்பு கூடிவிட்டது என்பது வேறு, கை தயாராகிவிட்டது என்பது வேறு. கட்டுக்குள் அசையாமல் கிடந்த மூட்டு இறுகியிருக்கும். முன்கைத் தசைகளும் மெலிந்திருக்கும். மிதிவண்டியில் கைக்கு உள்ள வேலை ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்வது மட்டுமன்று. உடல் எடையில் ஒரு பங்கைத் தாங்குவதும், குறுக்கே எதுவும் வந்தால் நொடியில் பிரேக்கை இறுக்குவதும் அதன் பொறுப்பே. ஆகவே, கைக்குப் பளு கொடுக்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, வண்டியின் பக்கத்தில் நின்று, குணமாகிவரும் கையால் பிரேக்கை இறுகப் பிடித்தபடி வண்டியை முன்னே தள்ளிப் பாருங்கள். சக்கரம் சிறிதும் உருளக் கூடாது. 20 முறை தொடர்ந்து செய்த பின்னும் பிடி தளரக் கூடாது. மறுநாள் காலை வீக்கமோ வலியோ இருக்கக் கூடாது. இதில் தேறாத கையோடு சாலையில் இறங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

கேள்வி: எனக்கு முறிந்தது கட்டைவிரலுக்குக் கீழுள்ள ஸ்கேபாய்டு எலும்பு. 9 வாரங்களாகிவிட்டன, வலியே இல்லை. ஆனாலும் மருத்துவர் அனுமதி தர மறுக்கிறார்.

பதில்: அவர் பொறுத்திருக்கச் சொல்வது சரியே. அந்தச் சிறு எலும்புக்குள் இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து நுழைந்து முன்கைப் பக்கம் நோக்கித் திரும்பி வருகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டுக்கு இரத்தம் குறைந்துவிடும். எனவே கூடுவதற்கு 12 வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். வலி நின்றதை எலும்பு கூடியதற்கு அடையாளமாகக் கொள்ள முடியாது; எக்ஸ்ரேயில் ஐயம் இருந்தால் சி.டி. ஸ்கேன் தெளிவுபடுத்தும். கூடாமலே விட்டால் காலப்போக்கில் மணிக்கட்டு மூட்டே தேயத் தொடங்கும். விழும்போது உள்ளங்கையை ஊன்றுவது நாம் யோசித்துச் செய்வதன்று, தானாக நடப்பது. அந்த அடி மறுபடியும் அதே எலும்பைத்தான் தாக்கும். மருத்துவர் அனுமதி தரும்வரை, நகராத பயிற்சி மிதிவண்டியில், கைகளில் சாயாமல் நிமிர்ந்து அமர்ந்து மிதியுங்கள். கால்வலுவும் மூச்சும் குறையாமல் இருக்கும்.

கேள்வி: மீண்டும் ஓட்டத் தொடங்கியதிலிருந்து சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. இது பழைய காயமா?

பதில்: காயமே இல்லாதவர்களுக்கும் இது வரும். உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கமாகச் செல்லும் அல்நார் நரம்பு ஹேண்டில்பாரில் நசுங்குவதே வழக்கமான காரணம். ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்துங்கள்; இருக்கையின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் மட்டப்படுத்துங்கள்; மணிக்கட்டை மடக்காமல் நேராக வைத்து, பிடியை அடிக்கடி மாற்றுங்கள். இறங்கிய பின்னும் மரப்பு நீடித்தாலோ, விரல்களை விரிக்க வலுவில்லை என்றாலோ ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: வலக்கை இன்னும் வலுவாகவில்லை. இடக்கைப் பிரேக் ஒன்றை மட்டும் நம்பி ஓட்டலாமா?

பதில்: கூடாது, வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன்பிரேக்குக்கு உரியது, அது எந்தக் கைக்கு வருகிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஒரே பிடியால் இரு பிரேக்குகளையும் இழுக்கும் அமைப்பு கிடைக்கிறது. அதை இடப்பக்கம் பொருத்தச் சொல்லுங்கள்.