கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்ட் வரவில்லை, ஜெராக்ஸ் மட்டும் வருகிறது. கோளாறு எதில்?

கேள்வி: குடியாத்தத்தில் சிறிய ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாளிலிருந்து கம்ப்யூட்டரில் கொடுக்கிற பிரிண்ட் வரவில்லை. 'டிரைவர் இஸ் அன்அவெய்லபிள்' என்று காட்டுகிறது. ஜெராக்ஸ் நன்றாக எடுக்கிறது. கூகுளில் கிடைத்த கஸ்டமர் கேர் எண்ணில் பேசினால், எனிடெஸ்க் (தூரத்திலிருந்து நம் கம்ப்யூட்டரை இயக்க விடும் மென்பொருள்) போடச் சொல்லி, டிரைவருக்கு 3,500 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். டிரைவர் என்பது கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் இணைக்கும் மென்பொருள்; அதைத் தயாரிப்பாளரின் வெப்சைட்டிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தேடலில் மேலே வருகிற எண்களில் போலிகள் நிறைய. பெட்டியிலோ வாரன்டி அட்டையிலோ தயாரிப்பாளரின் வெப்சைட்டிலோ உள்ள எண்ணை மட்டும் நம்புங்கள்.

எனிடெஸ்க்கில் அவர்களை ஏற்கெனவே உள்ளே விட்டிருந்தால், முதலில் நெட்டைத் துண்டித்து அதை நீக்குங்கள். பிறகு வேறு கருவியிலிருந்து பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் ஊராரின் ஆதாரும் பட்டாவும் கிடக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

ஜெராக்ஸ் சுத்தமாக வருகிறதென்றால் டிரம், டோனர், ரோலர் எல்லாம் நன்றாக இருக்கின்றன. கோளாறு பெரும்பாலும் கம்ப்யூட்டரில், அல்லது நடுவிலுள்ள கேபிளில். இந்த நிலையில் யாராவது 'போர்டு போச்சு' என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு போக வந்தால் கொடுக்காதீர்கள்.

ஆனால் எச்பி லேசர்ஜெட் 1020 போன்ற பழைய, பிரிண்ட் மட்டும் எடுக்கும் மெஷின்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதில் ஜெராக்ஸே கிடையாது. அதோடு, அது இயங்கத் தேவையான மென்பொருளும் மெஷினுக்குள் நிற்பதில்லை; ஸ்விட்ச் போடும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரிலிருந்து டிரைவர்தான் அனுப்புகிறது. அதனால் டிரைவர் கெட்டால் மெஷினே செத்ததுபோல் கிடக்கும். அதைப் பார்த்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடக் கூடாது. வேறொரு கம்ப்யூட்டரில் சரியான டிரைவரோடு மாட்டிப் பார்த்த பிறகுதான் மெஷினைக் குறை சொல்லலாம்.

இனி உங்கள் வேலை. யுஎஸ்பி கேபிளைக் கழற்றுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' போய் அந்த பிரிண்டரை ரிமூவ் செய்யுங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். பெயர் போகும், கெட்ட டிரைவர் உள்ளேயே இருக்கும். மறுபடி கேபிளைச் செருகினால் அதுவே ஒட்டிக்கொள்ளும். அதே பக்கத்தில் 'பிரிண்ட் சர்வர் பிராப்பர்டீஸ்' திறந்து, 'டிரைவர்ஸ்' பகுதியில் உங்கள் மாடலைத் தேர்ந்தெடுத்து, 'ரிமூவ் டிரைவர் அண்ட் டிரைவர் பேக்கேஜ்' கொடுங்கள்.

'இன் யூஸ்' என்று மறுத்தால், 'சர்வீசஸ்' திறந்து, பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைக்கும் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை ஸ்டாப் செய்யுங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போய், அந்தக் கடைசி ஃபோல்டரில் இருப்பதை மட்டும் அழியுங்கள். சிக்கிய வேலைகள் அவை. ஸ்பூலரை ஸ்டார்ட் செய்த கையோடு டிரைவரை நீக்குங்கள்.

பிறகு தயாரிப்பாளரின் வெப்சைட்டில் மாடல் எண்ணை அட்டையில் உள்ளபடியே அடித்து, உங்கள் விண்டோஸுக்கான டிரைவரை இறக்குங்கள். 32 பிட்டா 64 பிட்டா என்பது 'சிஸ்டம்', 'அபவுட்' பக்கத்தில் இருக்கும். 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரம் வரும் எதையும் தொடாதீர்கள். இன்ஸ்டால் நடக்கும்போது கேட்டால் மட்டுமே கேபிளைச் செருகுங்கள், அதுவும் ஹப் வழியாக இல்லாமல் நேராக.

அதற்கும் மசியாவிட்டால் உண்மையான கஸ்டமர் கேரை அழையுங்கள். மாடல், சீரியல் எண், விண்டோஸ் பதிப்பு, பிழைச் செய்தி, வாங்கிய பில் எல்லாம் கையில் இருக்கட்டும். 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்று கடைக்காரரின் அரை நாளைத் தின்கிற ஏற்பாடு அது. கம்பெனிகள் தங்கள் வெப்சைட்டில் டிரைவர் பக்கத்தை ஒழுங்காக வைத்தாலே பாதி அழைப்பு குறையும். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். அவர்களும் ரிமோட்டில் பார்க்கக் கேட்கலாம். பெட்டியிலோ வாரன்டி அட்டையிலோ தயாரிப்பாளரின் வெப்சைட்டிலோ பார்த்து நீங்களாக அழைத்த எண்ணாக இருந்தால் விடலாம், ஓடிபியோ யுபிஐ பின்னோ கேட்ட நொடியே துண்டித்துவிடுங்கள்.

சரியானதும் அந்த இன்ஸ்டால் ஃபைலை ஒரு பென்டிரைவில் போட்டு, மாடல் எண்ணை எழுதி ஒட்டிக் கல்லாப்பெட்டியில் வையுங்கள். பழைய மாடல்களுக்கான டிரைவரைக் கம்பெனிகள் சொல்லாமலே எடுத்துவிடுவதுண்டு.