மார்கழித் தட்டம்

அன்புள்ள அக்கா,

புத்தாண்டுக் கைவிசேஷம் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்த நாளிலிருந்து எழுத நினைத்து இன்றுதான் எழுதுகிறேன். பிறந்தது வவுனியா. கலியாணம் முடித்துத் திருகோணமலைக்கு வந்து பத்து வருடம், உவர்மலையில் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு ஒன்பதும் ஐந்தும். பள்ளிக்கூட விடுமுறை தொடங்கினால் மழையும் கூடவே தொடங்கிவிடுகிறது. வெளியே விட முடியாது. வீட்டுக்குள் போனும் சண்டையும்தான். முன்வீட்டில் நத்தார் மரம் வைத்து லைட் போட்டிருக்கிறார்கள். எங்களுக்கும் வேண்டும் என்று இரண்டும் ஒரே அழுகை. மாமியோ, "திருவெம்பாவைக்கு எழும்பாத பிள்ளைகளுக்கு மரம் ஒன்றுதான் குறை" என்கிறார். கணவருக்குக் கொழும்பில் வேலை, மாதத்தில் இரண்டு முறை வருவார். போனில் மற்றவர்கள் போடும் படங்களைப் பார்த்தால், முழுக் குடும்பமும் ஒரே நிற உடுப்பில் நிற்கிறது. என் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கிற மாதிரி நான் ஒன்றுமே செய்யவில்லையோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. உங்கள் வீட்டில் மார்கழியும் தையும் எப்படிப் போகின்றன? மரம் வைக்கலாமா?

பெயர் போட வேண்டாம் அக்கா. மாமியும் உங்கள் எழுத்தை வாசிக்கிறவர்.

*

அன்புள்ள தங்கச்சி,

மாமி வாசிப்பார் என்றால் நான் கொஞ்சம் பார்த்துத்தான் எழுத வேண்டும். மாமி, வணக்கம்.

மரத்தை முதலில் முடித்துவிடுவோம். எங்கள் வீட்டில் வைப்பதில்லை. கொள்கை, கிள்கை ஒன்றும் இல்லை. ஒரு வருடம் சவுக்குக் கொப்பு ஒன்றை வாளிக்குள் மண் போட்டு நட்டோம். நாலாம் நாள் காய்ந்து கூடம் முழுக்கக் கொட்டிற்று. கூட்டி அள்ளியது நான். அதோடு சரி. நீங்கள் வைத்தால் சாமி கோபிக்கப் போவதில்லை, வைக்காவிட்டால் பிள்ளைகள் கெட்டுப்போகப் போவதும் இல்லை. முன்வீட்டில் மரம் இருந்தால் பாலன் குடிலும் இருக்கும். அதற்கு வைக்கோல் பரப்ப, ஆட்டுக்குட்டியை நிமிர்த்தி வைக்கச் சின்னக் கைகள் வேண்டியிருக்கும். பிள்ளைகளை அங்கே அனுப்பிவிடுங்கள்.

நினைவில் நிற்பதைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்குத்தான் கொஞ்சம் இழுத்துச் சொல்ல வேண்டும்.

நான் வளர்ந்தது இதே திருகோணமலை டவுனில், கடற்கரைப் பக்கத் தெரு ஒன்றில், அம்மம்மாவோடு. தொண்ணூறுகள். எந்தப் பக்கம் போனாலும் சோதனைச் சாவடி. ஆனால் தெருவுக்குள் ஓடித் திரிந்த தட்டத்தை மறிக்க எவரும் இருக்கவில்லை. சில்வர் தட்டம், மேலே பின்னல் துணி. பொங்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்து புக்கை, அதாவது பொங்கிய சோறு, போகும். பெருநாளுக்குக் கோடிவீட்டு முஸ்லிம் மாமியிடமிருந்து வட்டிலப்பம் வரும். சித்திரைக்குச் சிங்கள ரீச்சர் வீட்டிலிருந்து கொக்கிஸ் வரும், எங்கள் பயத்தம் பணியாரம் அங்கே போகும். கொண்டுபோவது எப்போதும் பிள்ளைகள்தான், பெரியவர்கள் கொண்டுபோனதை நான் கண்டதே இல்லை. அம்மம்மாவின் சட்டங்கள் கடுமையானவை. துணியைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகக் கூடாது, வெளியே நின்று கூப்பிட வேண்டும். "அம்மம்மா தந்துவிட்டவ" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, தட்டம் திரும்பி வரும்வரை நிற்க வேண்டும். வருகிற தட்டமும் வெறுமையாக வராது. ஒன்றும் இல்லாத வீட்டில் ஒரு கரண்டி சீனியாவது போட்டுத் தருவார்கள். அந்தச் சீனி கொண்டுவந்த பிள்ளைக்கு. அம்மம்மா எழுதாத சட்டம் அது.

நத்தாருக்குத் தட்டம் வருவது ஐரோப்பிய வழிவந்த பறங்கி அன்ரி வீட்டிலிருந்து. பாலையூற்றிலிருந்து கலியாணம் முடித்து எங்கள் தெருவுக்கு வந்தவர். அவருடைய கேக்கை நீங்கள் சாப்பிட்டிருக்க வேண்டும். ரவை, பொடியாக வெட்டிய கஜு, பிளம்ஸ், பூசணித் தோசி. பழத்தையெல்லாம் கார்த்திகையிலேயே வெட்டிப் பிராந்தியில் ஊறப்போட்டுவிடுவார். முஸ்லிம் மாமி வீட்டுக்குப் பிராந்தி படாமல் தனியாக ஒரு தட்டு வேகும். அந்தப் பாத்திரங்களைக்கூட வேறாக வைத்திருந்தார். கேக்கை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, எண்ணெய்க் கடுதாசியில் சுற்றி, மேலே சிவப்பும் பச்சையும் பொன்னிறமுமாக மினுங்கும் கடுதாசி. எங்களுக்குக் கேக்கைவிட அந்தக் கடுதாசிதான் சொத்து. நகத்தால் நீவி மடிப்பெடுத்துக் கொப்பிக்குள் வைப்போம்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு சிக்கல். மார்கழித் திருவெம்பாவை பத்து நாளும் மரக்கறி. கேக்கிலோ முட்டை. சில வருடங்களில் இரண்டும் மோதிக்கொள்ளும். அம்மம்மா வந்த கேக்கைத் திருப்பி அனுப்பவும் மாட்டார், வீட்டில் தின்ன விடவும் மாட்டார். பிஸ்கட் ரின்னுக்குள் போட்டு மூடி, அலுமாரிக்கு மேலே. திருவாதிரை முடிந்து, அடுத்த நாள்தான் திறப்பு. விடிய நாலு மணிக்குச் சங்கும் சேமக்கலமும் தெருவால் வரும்போது நாங்கள் எழும்பியது பக்தியில் என்றா நினைக்கிறீர்கள்? எழும்பினால் ஒரு நாள் கழிந்தது என்று கணக்கு. "எம்பாவாய்" என்று முடிகிற ஒவ்வொரு பாட்டுக்கும் நான் கேக்கைத்தான் நினைத்தேன். சிவபெருமான் மன்னித்திருப்பார்.

2004இல் எனக்குப் பத்தொன்பது வயது. நத்தார் சனிக்கிழமை. ரின் அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. அடுத்த நாள் ஞாயிறு, பௌர்ணமி, திருவெம்பாவை முடியும் தறுவாய். அந்தக் காலையைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் நான் விவரிக்க வேண்டியதில்லை. கடல் எங்கள் வாசலுக்கு இரண்டு வீடு முன்னால் நின்றது. மற்ற எத்தனையோ வீட்டுக்குள் போயிற்று. பின்னேரம் எங்கள் கூடத்தில் எங்களுக்கு முன்பின் தெரியாத குடும்பங்கள், ஈர உடுப்போடு. பிள்ளைகள் அழக்கூட இல்லை, சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மம்மா கதிரையை இழுத்துப் போட்டு ஏறி ரின்னை எடுத்தார். ஒவ்வொரு துண்டாகக் கடுதாசியை உரித்து ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் வைத்தார். விரதத்தைப் பற்றி அன்றைக்கு அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதனால் எங்கள் வீட்டில் 26ஆம் திகதிக்கு ஒரு முறை உண்டு. 9.25க்கு நாடு முழுக்க இரண்டு நிமிடம் மௌனம் இருக்கிறார்கள் அல்லவா, நாங்களும் கூடத்தில் எழுந்து நிற்போம். 9.27க்கு ரின் திறக்கும். திருவெம்பாவை என்றாலும் திறக்கும். என் மாமியார், அதாவது பிள்ளைகளின் அப்பம்மா, எங்களோடுதான் இருக்கிறார். முதல் வருடம் முகத்தைச் சுளித்தார், காரணம் சொன்ன பிறகு ஒன்றும் சொன்னதில்லை. தான் மட்டும் தொடமாட்டார். அதுவும் சரிதான்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். ஒரே நிற உடுப்புப் படத்தில் பிள்ளைக்கு என்ன வேலை? நிற்பதுதான் வேலை. பிள்ளை நிற்கிற இடம் பிள்ளைக்கு மறந்துபோகும், தூக்கிக்கொண்டு நடந்தது மறக்காது. என் அனுபவத்தில் இவ்வளவுதான் தெரியும். உங்கள் ஒன்பது வயதுக்காரரின் கையில் ஒரு தட்டத்தைக் கொடுத்து முன்வீட்டுக்கு அனுப்புங்கள். மோதகமோ அவலோ, எதுவென்றாலும் பரவாயில்லை.

திருவெம்பாவைக்கு எழும்புவது பற்றி. என் பிள்ளைகளும் எழும்புவதில்லை. பத்து நாளும் எழுப்பிப் பார்த்த வருடம் வீடு போர்க்களமாயிற்று. இப்போது ஒரே ஒரு நாள், அவர்களே தேர்ந்த நாள். போன வருடம் சின்னவனிடம் கோயிலில் யாரோ சேமக்கலத்தைக் கொடுத்துவிட்டார்கள். தாளம் தவறித் தவறி அடித்தான். பாடினவர்கள் அவனுடைய தாளத்துக்கு இறங்கி வந்தார்கள். அடுத்த நாளும் எழும்பினான், ஆனால் அன்றைக்கு வேறொரு பொடியனிடம் கொடுத்துவிட்டார்கள். அதோடு முடிந்தது பக்தி.

மழைக்கு என்னிடம் மருந்து இல்லை. வாடைக்காற்று வீசுகிற மாதங்களில் கடலும் நமக்கு உதவாது. புறாத்தீவு, நிலாவெளி எல்லாம் வைகாசி ஆவணிக்கு வருகிறவர்களுக்கு. ஒரு வருடம் நானும் விடுமுறைக்கு அட்டவணை கீறிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன்: காலையில் வாசிப்பு, பிறகு கைப்பணி, பின்னேரம் நல்ல பழக்கம். "நல்ல பழக்கம்" என்றால் என்ன செய்ய வேண்டும் என்று மூத்தவள் கேட்டாள், எனக்கே தெரியவில்லை. மூன்றாம் நாள் கழற்றிவிட்டேன். கரம் போர்ட் இருக்கிறது, தாயம் இருக்கிறது. கரண்ட் போனால் இரண்டும் தானாக வெளியே வரும். போனையும் கொடுக்கத்தான் செய்கிறேன், மனச்சாட்சி குத்தக் குத்த.

கையில் ஒன்றும் இல்லாத வருடமும் வரும். 2021 மார்கழியை நினைத்துப் பாருங்கள். பால்மாவுக்கு வரிசை, காஸ் சிலிண்டர் வெடித்தது என்று நாளும் ஒரு செய்தி. அடுப்பு மூட்டவே பயம். அன்ரி இப்போது இல்லை, அவருடைய மருமகள்தான் தட்டம் அனுப்புகிறவர். அந்த வருடம் கேக் இல்லை. ஆனால் தட்டம் வந்தது. மூத்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் கொண்டுவந்தாள். துணியை எடுத்தால் ஒரு சீப்புக் கதலிப் பழம், ஒவ்வொரு பழமும் தனித்தனியாகச் சிவப்பும் பச்சையுமான கேக் கடுதாசியில் சுற்றி, இரண்டு பக்கமும் முறுக்கி. கடுதாசி முதலே வாங்கி வைத்தது, வீணாக்கக் கூடாதாம். விரதத்துக்கும் தோதான நத்தார் அது ஒன்றுதான். அப்பம்மா இரண்டு பழம் சாப்பிட்டார்.

தைப்பொங்கலுக்கு நாங்கள் முற்றத்தில் மூன்று கல் வைத்துத்தான் பொங்குவது. ஆனால் தையிலும் மழை விட்டபாடில்லை. விறகு ஈரம். சிரட்டையும் பன்னாடையும் கிழமைக்கணக்கில் குசினிக்குள் காயவைத்துச் சேர்ப்பது சின்னவனின் பொறுப்பு. குடை பிடிப்பது மூத்தவள். குடை பொங்கல் பானைக்கு, எங்களுக்கு இல்லை. புகையில் எல்லோருடைய கண்ணும் சிவந்து, பால் எந்தப் பக்கம் வழிந்தது என்று ஒருவரும் பார்க்காமல் விட்ட வருடமும் உண்டு. கிழக்குப் பக்கம்தான் என்று அப்பம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கடைசியாக மான் கதை. பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் மைதானத்தைச் சுற்றியும் திரிகிற புள்ளிமான்களை உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கும் வரும். குப்பையில் பொலித்தீனையும் சேர்த்துத் தின்கின்றன, அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும். சின்னவனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது பொங்கலன்று முதன்முறையாகத் தனியே தட்டம் கொண்டு போனான், நாலு வீடு தள்ளி. தட்டத்தில் வாழையிலை போட்டுப் புக்கை, மேலே இன்னொரு இலைத் துண்டு. பாதி வழியில் ஒரு மான் வந்து இலையின் ஓரத்தைக் கடித்து இழுத்திருக்கிறது. இவன் விடவில்லை. அதுவும் விடவில்லை. புக்கை தெருவில். வெறும் தட்டத்தோடு அழுதுகொண்டு வந்து, "மானுக்குக் குடுத்திட்டன். தட்டத்தில அது ஒண்டும் போட்டுத் தரேல்ல" என்றான்.

அந்த வருட நத்தாருக்கு முன்வீட்டுப் பிள்ளைகள் நத்தார் தாத்தாவின் மான் வண்டியைப் பற்றி அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மான் எங்கிருந்து வருகிறது என்று அவன் ஒருவரையும் கேட்கவில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது, கோட்டைக்குள்ளிருந்துதான். பழைய பழக்கம் இருக்கிறதே, அதனால் 24ஆம் திகதி இரவு கேற்றடியில் ஒரு வாழையிலை வைத்தான். காலையில் இலை இல்லை. மாடாகவும் இருக்கலாம், நான் வாயைத் திறக்கவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் வைக்கிறான். இப்போது எட்டு வயது, மான் எது மாடு எது என்று நன்றாகவே தெரியும், இருந்தும் வைக்கிறான்.

போன மார்கழி அன்றிரவு நல்ல மழை. மரத்தடிக்குப் போகாதே, நானே வெட்டித் தருகிறேன் என்று அப்பம்மா கத்தியோடு பின்வளவுக்கு இறங்கினார். கொஞ்ச நேரத்தில் இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது:

"டேய், மானுக்கு நுனியிலையா, அடியிலையா?"