விமானப்படைத் தளத்துக்கு மேல் வெடித்த விண்கல்: ஃபார்வர்டைச் சரிபார்ப்பது எப்படி?

கேள்வி: பெங்களூர் எலகங்காவில் இருக்கிறோம். "கிரீன்லாந்தில் அமெரிக்க விமானப்படைத் தளம் பக்கத்தில் விண்கல் வெடித்ததை மறைத்துவிட்டார்கள். 2020-ல் பெங்களூரில் கேட்ட சத்தமும் அதேதான்" என்று அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. எதை நம்புவது?

பதில்: விண்கல் வெடித்தது உண்மை. மறைத்தார்கள் என்பதுதான் கட்டுக்கதை. 2018 ஜூலை 25-ல், கிரீன்லாந்தில் உள்ள அந்த அமெரிக்கத் தளமான தூலேவுக்குச் சுமார் 40 கி.மீ. வடக்கே, 43 கி.மீ. உயரத்தில் அது வெடித்தது. ஆற்றல் 2.1 கிலோடன் (ஒரு கிலோடன் என்பது ஆயிரம் டன் டிஎன்டி வெடிமருந்தின் ஆற்றல்). (2023 முதல் தளத்தின் பெயர் பிடுஃபிக்.) இந்தக் கணக்கைத் தந்ததே அமெரிக்க அரசின் சென்சார்கள்தான், பூமிக்கு அருகே வரும் விண்கற்களைக் கணக்கிடும் நாசாவின் சிஎன்இஓஎஸ் மையத்தின் இணையதளத்தில் 'ஃபயர்பால்ஸ்' பட்டியலில் யாரும் பார்க்கலாம். விமானப்படை தனியாக அறிக்கை விடாததைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வதந்தியும்.

பட்டியலில் நேரம் யூடிசி-யில், அதாவது உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்திய நேரத்துக்கு 5.30 மணி கூட்டுங்கள். தூலே சம்பவம் அங்கே 21:55; நமக்கு அது ஜூலை 26 அதிகாலை 3.25. தேதியே மாறிவிடுவதால் "பட்டியலில் இல்லை, அழித்துவிட்டார்கள்" என்று பலர் கிளம்பிவிடுகிறார்கள். கிலோடன் கணக்கு கடைசி நெடுவரிசையில் இருக்கும். அதற்கு முந்தையது ஒளியாக வெளிப்பட்ட ஆற்றல் மட்டும், 'ஜூல்' என்ற ஆற்றல் அலகில். இன்னொன்று: எல்லா விண்கல்லும் இதில் ஏறாது, ஏறுவதும் தாமதமாகலாம். எனவே பட்டியலில் இல்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அடுத்து வீடியோ. சத்தம் ஒரு கி.மீ. கடக்கச் சுமார் 3 விநாடி ஆகும். 30 கி.மீ. உயரத்தில் வெடித்தால், நேர் கீழே நிற்பவருக்கே ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் கேட்கும். வெளிச்சமும் 'டமார்' சத்தமும் ஒன்றாக வந்தால் ஆடியோ ஒட்டுவேலை. ஒரு ஃபிரேமை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். கார்கள் சாலையின் வலப்பக்கம் ஓடி, பனியும் தெரிந்தால், பெரும்பாலும் 2013 பிப்ரவரி 15-ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க்கில் எடுத்ததாக இருக்கும். அது ஏறக்குறைய 440 கிலோடன். வெளிச்சத்தைப் பார்த்து ஜன்னலுக்கு ஓடியவர்களைத்தான், பின்னால் வந்த அதிர்வலையில் உடைந்த கண்ணாடி கிழித்தது. தூலே வெடிப்பு அதில் இருநூறில் ஒரு பங்கு, அதுவும் இன்னும் உயரத்தில். தளத்துக்குச் சேதம் இல்லாததில் மர்மம் ஏதுமில்லை.

முன்கூட்டி எச்சரிக்காததும் சதியல்ல. சில மீட்டர் அளவுள்ள கற்கள் தொலைநோக்கியில் முன்பே சிக்குவது அபூர்வம். 2008-ல் சூடான் மேல் வெடித்த 2008 டிசி3தான் அப்படிச் சிக்கிய முதல் கல். அதற்கும் ஒரு நாள்கூட அவகாசம் கிடைக்கவில்லை.

பெங்களூர் சத்தம் வேறு கதை. 2020 மே 20 மதியம் கேட்டது இந்திய விமானப்படைச் சோதனை விமானத்தின் சோனிக் பூம் (ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானம் எழுப்பும் வெடிச்சத்தம்) என்று பாதுகாப்பு அமைச்சகம் அன்றே சொல்லிவிட்டது. விமானம் 36,000 முதல் 40,000 அடி உயரத்தில் ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கும்போது வந்த சத்தம். 65 முதல் 80 கி.மீ. தள்ளியிருந்தாலும் கேட்கும்.

மறுபடி கேட்டால் நேரத்தை விநாடியோடு குறியுங்கள். வானத்தில் வெளிச்சமும் தெரிந்திருந்தால் மட்டும், எந்தத் திசையில், எத்தனை விநாடி என்று சேர்த்து, சர்வதேச விண்கல் அமைப்பான ஐஎம்ஓ-வின் இணையப் படிவத்தில் பதியுங்கள்.