தொண்டர்களுக்குக் கண்ணைப் பற்றி எவ்வளவு சொல்லிக்கொடுக்க வேண்டும்?

மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் மாதர் சங்கத்தில் பன்னிரண்டு பேர் தொண்டு செய்ய முன்வந்திருக்கிறோம். ஊரில் பார்வை மங்கி வீட்டோடு இருக்கும் முதியவர்கள் கனபேர். ஒரு நாள் பயிற்சி தர ஆள் இருக்கிறது. என்னென்ன கற்றுத்தரச் சொல்லிக் கேட்பது? கண் சொட்டுமருந்து வாங்கி வைத்துக் கொடுக்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். பாமசியில் கேட்டு வாங்கும் சில சொட்டுமருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். போட்டதும் சிவப்புக் குறையும், ஆளும் சந்தோஷப்படுவார். ஆனால் கருவிழியில் பங்கசுப் புண் இருந்தால் அதே மருந்து புண்ணை ஆழமாக்கிவிடும். மாதக்கணக்கில் போட்டால் கண்ணின் அழுத்தம் ஏறும். நல்லெண்ணத்தோடு கொடுத்த மருந்தால் கண் போனால் ஊரில் உங்களை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

அப்புறம், என்ன கற்பது? இலங்கையில் 2013–14இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 40 வயதும் அதற்கு மேலும் ஆன பார்வையிழந்தோரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குக் காரணம் வெண்புரைதான். ஊரில் 'வெள்ளை படர்ந்திட்டுது' என்பார்களே, அதுதான். சத்திரசிகிச்சையில் மங்கிய வில்லையை எடுத்துச் செயற்கை லென்ஸ் வைத்தால் பெரும்பாலானோருக்குப் பார்வை திரும்பும். ஆகவே உங்கள் பயிற்சியின் பெரும்பகுதி வெண்புரை உள்ளவரைக் கண்டுபிடிப்பதிலும், அவரைக் கிளினிக் வரை கொண்டுசேர்ப்பதிலும் போகட்டும். முதலாவதற்கு அரை நாள் போதும். இரண்டாவதுதான் உண்மையான வேலை.

பார்வை பார்க்க ஒரு கயிறும் ஒரு மட்டையும் போதும். மட்டையில் மூன்று கால் உள்ள ஆங்கில 'ஈ' எழுத்து, 26 மில்லிமீற்றர் உயரத்தில். கயிற்றின் நீளம் சரியாக 6 மீற்றர். காலடி வைத்து அளக்காதீர்கள். நான் பயிற்றுவித்த ஒரு குழு அப்படித்தான் அளந்தது. பிறகு நாடா பிடித்துப் பார்த்தால் நாலரை மீற்றர்தான் இருந்தது, அன்றைக்கு ஊரில் எல்லோருக்கும் கண் நல்லாத் தெரிந்தது! மட்டையை வெளிச்சத்தில் பிடித்து, ஐந்து தடவை திருப்பித் திருப்பிக் காட்டி, கால்கள் எந்தப் பக்கம் என்று கையால் காட்டச் சொல்லுங்கள். நாலு தடவை சரியாகக் காட்ட முடியாவிட்டால் பார்வை 6/18ஐ (நல்ல கண் 18 மீற்றரில் காண்பதை 6 மீற்றரில் காணும் அளவு) விடக் குறைவு, டொக்டரிடம் போக வேண்டியவர். மூன்று மீற்றரில் விரலை எண்ணவே முடியாதவர் முதலில் போக வேண்டியவர்.

ஒவ்வொரு கண்ணாகப் பார்க்க வேண்டும். மறு கண்ணை மூடுவது உள்ளங்கையால். விரலால் மூடினால் சந்துக்குள்ளால் எட்டிப் பார்ப்பார்கள், பிள்ளைகள் கட்டாயம் பார்ப்பார்கள். அழுத்தி மூடவும் விடாதீர்கள், அழுந்திய கண் கொஞ்ச நேரம் மங்கலாகவே தெரியும். சிறு துளையிட்ட அட்டை வழியாகப் பார்க்கும்போது எழுத்துத் தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடி போட்டால் சரியாகும் பிரச்சினை. தெளியாவிட்டால் வேறு ஏதோ இருக்கிறது. 40 தாண்டி, ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் தையலை விட்டவர்களையும் கேட்டுவையுங்கள். அவர்களுக்குக் கிட்டப் பார்க்கும் கண்ணாடி ஒன்றே போதுமாக இருக்கலாம்.

இந்த மட்டையில் அகப்படாத இரண்டு வருத்தங்கள் உண்டு. சீனி வருத்தக்காரருக்கு விழித்திரை கெடத் தொடங்கும்போது பார்வை நன்றாகவே இருக்கும். குளுக்கோமா (கண் நரம்பு மெல்ல மெல்லக் கெடும் வருத்தம்) உள்ளவரும் வெகுகாலம் எழுத்தைச் சரியாகக் காட்டுவார், ஓரப் பார்வைதான் முதலில் போகும், போனது திரும்பாது. எனவே சீனி உள்ள எல்லோரையும், குடும்பத்தில் குளுக்கோமா உள்ள 40 தாண்டியவர்களையும் 'கண் தெரியுது' என்று சொன்னாலும் வருடம் ஒருமுறை அனுப்புங்கள். பிள்ளையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலோ, ஃபோன் படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினாலோ நாள் கடத்தக் கூடாது, அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.

பெரும்போக வெட்டுக் காலத்தில் இன்னொன்று வரும். நெற்சுனையோ சப்பியோ கண்ணில் பட்டு கருவிழி கீறுப்படும். முலைப்பால், பச்சிலைச் சாறு எதுவும் விடாமல், கசக்காமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு. நேபாளத்தில் பக்தபூரில் கிராமத் தொண்டர்களைக் கொண்டு ஒரு ஆய்வு செய்தார்கள். கீறல் பட்டவர்களுக்கு 1 சதவீத குளோரம்பெனிகோல் என்ற கிருமிகொல்லிக் களிம்பை மூன்று நாளைக்கு, நாளுக்கு மூன்று தடவை போட்டார்கள். 18 மணித்தியாலத்துக்குள் தொடங்கியவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. உங்கள் ஊரிலும் இப்படிச் செய்யலாமா என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரிதான் சொல்ல வேண்டும். நீங்களாகக் களிம்பு வாங்கி வைக்காதீர்கள். அவரது பணிமனைக்கு எப்படியும் முதலில் போகத்தான் வேண்டும். குடும்பநல உத்தியோகத்தருக்கும் ஊர் நிலவரம் தெரியும்.

சரி, இப்போது கூட்டிப்போகும் வேலை. நாங்கள் ஆரம்பத்தில் செய்த பிழை, துண்டெழுதிக் கொடுத்து 'பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ' என்றது. பலர் போகவேயில்லை. பாலங்கள் வந்து, மூதூரிலிருந்து கிண்ணியா வழியாகத் திருகோணமலைக்கு பஸ் ஓடினாலும், கண் தெரியாத அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிப்போக ஒரு ஆள் தன் நாட்கூலியை விட வேண்டும். மகன் வெளிநாட்டில், மருமகளுக்குக் கைக்குழந்தை. கேட்டால் அம்மா அதைச் சொல்ல மாட்டார். "இந்த வயசில எனக்கென்னத்துக்கு" என்பார். 'புரை பழுக்கட்டும்' என்று யாரோ சொன்னதையும் சேர்த்துக்கொள்வார். பழுக்கத் தேவையில்லை, அன்றாட வேலைக்கு இடைஞ்சலானால் செய்யலாம் என்பதை நிதானமாகச் சொல்ல வேண்டும். அதைவிட, ஏற்கெனவே சத்திரசிகிச்சை செய்த பக்கத்து வீட்டு ஐயாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் ஒரு மணித்தியாலம் பேசுவதை அவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்.

கிளினிக் நாளை முன்பே கேட்டு, இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஒரு ஓட்டோவில் கூட்டிப்போனால் செலவு குறையும். சீனி, பிரஷர் கிளினிக் கொப்பியும் குடிக்கும் குளிசைகளும் கையில் இருக்கட்டும். சீனி கூடியிருந்தால் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுவார்கள், அப்படித் திரும்பி வந்தவர் மறுபடி கிளம்புவது அருமை. கண்மணியை விரிக்க மருந்து விட்டால் சில மணித்தியாலம் மங்கலாக இருக்கும், மோட்டார் சைக்கிளில் தனியாக வந்தவர் திரும்ப முடியாது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு சொட்டுமருந்து விடுவது யார் என்று வீட்டில் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். வலி கூடினாலோ, சிவந்தாலோ, பார்வை குறைந்தாலோ அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் அன்றே திரும்பிப் போக வேண்டும்.

பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு கொப்பி வைத்திருங்கள். அதில் 'பார்த்தது', 'அனுப்பியது' என்ற இரண்டு நிரலோடு நிறுத்தாமல் 'போனாரா', 'செய்தாரா', 'இப்போது தெரிகிறதா' என்று இன்னும் மூன்று போடுங்கள். மாதக் கூட்டத்தில் கடைசி மூன்றை மட்டும் வாசித்தால் போதும்.