சட்டப்படிதானே?

கேள்வி: பிலிப்பைன்ஸின் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸைச் சென்ற இதழில் சர்வாதிகாரி என்று எழுதியிருந்தீர்கள். தேர்தலில் வென்ற அவர், அரசியல் சட்டம் தந்த அதிகாரத்தின்படிதான் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். மக்களின் ஒப்புதலையும் பெற்றார். நாட்டுக்கு ஒழுங்கு வேண்டும் என்று பேசியது அவ்வளவு பெரிய குற்றமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்கள் எழுதியிருப்பது மார்க்கோஸே தமக்காக வாதாடிய வாதம். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அது கும்பகோணம் வரை வந்து சேர்ந்திருக்கிறது என்றால், அந்த மனிதரின் பேச்சுத் திறமையை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

1972 செப்டம்பர் 23 அன்று காலையில் மணிலாவில் செய்தித்தாள்கள் வரவில்லை. வானொலியும் தொலைக்காட்சியும் ஊமையாகிக் கிடந்தன. எதிர்க்கட்சி செனட்டர் பெனிக்னோ அக்கினோவைப் பொழுது விடியும் முன்பே பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு, மாலையில்தான் மார்க்கோஸ் தொலைக்காட்சியில் தோன்றினார். இது ராணுவம் ஆட்சியைப் பிடித்ததல்ல, 1946இல் நிறுவப்பட்ட குடியரசு அப்படியே தொடர்கிறது, அரசியல் சட்டம் எனக்குத் தந்த அதிகாரத்தையே பயன்படுத்துகிறேன் என்றார். 1939இல் வழக்கறிஞர் தேர்வில் நாட்டிலேயே முதலிடம் பெற்றவர் அல்லவா, ஒவ்வொரு சொல்லும் எடை போட்டு வைத்ததுபோல் இருந்தது.

அந்த உரையில் அவர் சொன்ன நோக்கம் இரண்டு: குடியரசைக் காப்பாற்றுவது, சமூகத்தைச் சீர்திருத்துவது. இந்த இரண்டையும் சற்றுப் பிரித்துப் பாருங்கள். 1935ஆம் ஆண்டு அரசியல் சட்டம் ராணுவச் சட்டத்துக்கு அனுமதி கொடுத்தது படையெடுப்பு, கிளர்ச்சி போன்றவை நேர்ந்தால், அல்லது நேரும் அபாயம் நெருங்கியிருந்தால் மட்டுமே; சமூகத்தைச் சீர்திருத்த அதில் இடமில்லை. காப்பாற்றும் வேலைக்கு ஒரு முடிவு உண்டு, ஆபத்து நீங்கியதும் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். சீர்திருத்தும் வேலை என்றைக்கு முடிந்தது என்று யார் சொல்வது? சட்டம் கொடுத்த காரணத்தை முன்னால் நிறுத்தி, சட்டம் கொடுக்காத காரணத்தை அதன் முதுகில் ஏற்றி அனுப்பினார் மார்க்கோஸ். 1973 டிசம்பரில் முடிய வேண்டியிருந்த அவருடைய பதவிக்காலம், மூன்றாவது முறை தொடர்ந்து நிற்க வழியே இல்லாத அந்தப் பதவிக்காலம், 1986 வரை நீண்டது இப்படித்தான்.

முதல் காரணமாவது உண்மையா என்றால், ஆயுதக் கிளர்ச்சி என்னவோ இருந்தது. ஆனால் செப்டம்பர் 22 இரவு பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேயின் கார் சுடப்பட்டதும், இதனால் ராணுவச் சட்டம் அவசியமாகிவிட்டது என்று மார்க்கோஸ் தம் நாட்குறிப்பில் எழுதினார். பிரகடனத்தில் இருக்கும் தேதியோ செப்டம்பர் 21. கார் சுடப்பட்டது நாடகம் என்று 1986இல் என்ரிலேயே சொன்னார்; பிற்காலத்தில் அதை மறுத்தும் எழுதினார், அது வேறு கதை.

சீர்திருத்தம் எப்படி நடந்தது என்பதற்கும் ஓர் உதாரணம் தருகிறேன். செல்வச் சீமான்களின் பிடியை உடைக்கிறேன் என்று லோபஸ் குடும்பத்தின் மீது கை வைத்தார். அவர்களுடைய மின் நிறுவனமான மெரால்கோ மார்க்கோஸின் மனைவி இமெல்டாவின் சகோதரர் பக்கமும், தொலைக்காட்சி நிலையம் மார்க்கோஸின் நண்பர் பெனடிக்டோ பக்கமும் போய்ச் சேர்ந்தன.

மக்கள் ஒப்புதல் என்கிறீர்களே, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதிய அரசியல் சட்டத்துக்கு 1973 ஜனவரி 15 அன்று வாக்குச்சீட்டு முறையில் வாக்கெடுப்பு நடக்க இருந்தது. மார்க்கோஸ் அதைத் தள்ளிவைத்துவிட்டு, ஊருக்கு ஊர் குடிமக்கள் கூட்டங்களைக் கூட்டி, 15 வயது நிரம்பியவர்களைக்கூட அழைத்துக் கருத்துக் கேட்கச் செய்தார். பல இடங்களில் கை தூக்குவதுதான் வாக்கு. ராணுவச் சட்டம் நடக்கும் ஊரில், அதிகாரிகளும் அக்கம்பக்கத்தாரும் பார்த்துக்கொண்டிருக்கையில் கையைத் தூக்காமல் நிற்க உங்களாலோ என்னாலோ முடியுமா? ஆதரவு 1,49,76,561, எதிர்ப்பு 7,43,869 என்று கணக்கு வந்தது. இதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது, பத்து நீதிபதிகளில் ஆறு பேர் இந்த ஒப்புதல் முறைப்படி நடக்கவில்லை என்றே கருதினார்கள். இருந்தும் ஆறு பேர் மனுக்களைத் தள்ளுபடி செய்ய வாக்களித்தார்கள். புதிய சட்டம் நடைமுறையில் இருப்பதாகக் கொள்ள இனி நீதிமன்றத் தடை இல்லை என்று தீர்ப்பு முடிந்தது.

அதன் பிறகு எல்லாமே சட்டப்படிதான் நடந்தது, ஐயா. 1986 பிப்ரவரி 25 அன்று மணிலா வீதிகளில் லட்சக்கணக்கான மக்கள் திரண்டு நிற்க, மலக்கன்யாங் ஜனாதிபதி மாளிகைக்குள் மார்க்கோஸ் மீண்டும் ஒருமுறை முறைப்படி பதவியேற்றுக்கொண்டார். அந்த விழாவின் நேரடி ஒளிபரப்பு பாதியிலேயே அறுந்துபோனது. அன்று இரவே அமெரிக்க ஹெலிகாப்டரில் ஏறி மாளிகையை விட்டு வெளியேறினார்.