முகிலறையில் கோடு தெரியலையா? முதல்ல ஐஸை மாத்துங்க
தம்பி, பள்ளிக் கண்காட்சிக்கு முகிலறை (கண்ணுக்குத் தெரியாத துகள்கள் போற வழியை ஆவியில் கோடா காட்டுற பெட்டி, cloud chamber) செஞ்சு, முதுநகர் துறைமுகத்து ஐஸில் உப்பு போட்டு, சானிடைசர் ஊத்தியும் ஒரு கோடுகூடத் தெரியலைன்னு கேட்டிருக்கீங்க. கோளாறு அந்த ரெண்டிலும்தான்.

உப்பு ஐஸ் எவ்வளவு கொட்டினாலும் மைனஸ் 21 டிகிரிக்குக் கீழே இறங்காது. ட்ரை ஐஸ், அதாவது உறைஞ்ச கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78. அந்தக் குளிரில்தான் பெட்டியோட அடித்தகட்டுக்குச் சற்று மேலே ஆல்கஹால் ஆவி, எப்போ துளியாகலாம்னு காத்துக்கிட்டு நிக்கும். மின்னூட்டமுள்ள துகள் பாயும்போது வழியிலுள்ள மூலக்கூறுகளை அயனியாக்கும். அந்த அயனிகளைச் சுத்தித் துளி கட்டுறதுதான் நீங்க தேடுற கோடு. சானிடைசரில் தண்ணி அதிகம். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்குங்க, செல்போன் ரிப்பேர் கடைக்காரங்களைக் கேட்டாலே சொல்வாங்க. தீப்பிடிக்கும், ஜாக்கிரதை.

மூடி ஓரம் கசியக் கூடாது. நம்ம கடற்கரை ஈரக்காத்து உள்ளே போனா தகடு பூரா வெள்ளையா உறைஞ்சிடும். டார்ச்சை மேலிருந்து அடிக்காம, பக்கவாட்டில் தகட்டை ஒட்டி அடிங்க.

மெல்லிசா நேரா ஓடுறது பெரும்பாலும் மியூவான், எலக்ட்ரானைப் போல ஆனா அதைவிடக் கனமான துகள். சதுர சென்டிமீட்டருக்கு நிமிஷத்துக்கு ஒண்ணு வீதம் வானத்திலிருந்து இலவசம். குட்டையா தடிச்சு வந்தா ஆல்ஃபா, கதிரியக்கத்தில் வெளிவர்ற கனமான துகள். கதிரியக்கப் பொருள் எதையும் தேடி அலையாதீங்க.

ட்ரை ஐஸை வெறுங்கையால் தொடாதீங்க, வகுப்பறை ஜன்னலைத் திறந்து வைங்க.